உமிக்கரி முதல் பயோடீசல் வரை

மலர்க் குழுவினர் என்னிடம், "கெமிஸ்ட்ரிக்காரர் நீங்க, நம்ம ஊர் விஷயமா ஏதாவது எழுதுங்க" என்று கேட்டார்கள். நம்ம ஊர் கெமிஸ்ட்ரி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது உமிதான்.

ஒரு காலத்தில் நம் ஜில்லாவில் உமியைச் சீந்துவாரில்லை. நெல் அவிக்க அடுப்பில் போட்டது போக, உமிக்கரியில் பல் தேய்ப்போம், அவ்வளவுதான். ஊரெங்கும் இருந்த ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் ஒன்றாகவே அரைபட்டு விழும். அந்தத் தவிட்டில் எண்ணெய் எடுப்பது கட்டுப்படியாகாது.

இதை மாற்றியது அறுபதுகள். 1960-ல் தஞ்சை ஜில்லாவுக்குப் பாக்கேஜ் திட்டம் வந்தது. பின்னர் திருவாரூரில் கூட்டுறவுத் துறையின் நவீன அரிசி ஆலை எழுந்தது. ரப்பர் உருளைகள் உமியைத் தனியே உரித்துத் தள்ள, தவிடு தனியாகக் கிடைத்தது. அந்த ஆலை வளாகத்தில் 1967-ல் ஒரு சிறு பரிசோதனைக்கூடமாகத் தொடங்கியதுதான் பிற்பாடு நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. அதை உருவாக்கியவர் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்த டாக்டர் வி. சுப்பிரமணியன். ஓய்வுக்குப் பிறகு நெல்லுக்காக நம் பக்கம் வந்த பெரியவர். தஞ்சாவூரில் இன்று 'நிஃப்டெம்' என்ற பெயரில் இயங்குவது அதே நிறுவனந்தான். அந்தப் பெயர் 2021-ல் வந்தது.

பயோடீசல் கதை வெளிநாட்டில் தொடங்குகிறது. 1900-ல் பாரீஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆனால் தாவர எண்ணெய் கெட்டி. நாளாக ஆக என்ஜினை அடைத்துவிடும். 1937-ல் பெல்ஜியத்தில் ஷவான் என்பவர் எண்ணெயைச் சாராயத்தோடு வினைப்படுத்தி இளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு வருஷமே அப்படித் தயாரித்த எரிபொருளில் பிரஸ்ஸல்ஸிலிருந்து லூவெனுக்கு பஸ் ஓடிற்று.

இப்போது சாராயத்துக்குப் பதில் பெரும்பாலும் மெத்தனால். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 11 கிலோ மெத்தனால் செலவாகி, ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். வினையை விரட்ட ஒரு ஊக்கி வேண்டும். வழக்கமான ஊக்கி காஸ்டிக் சோடா. அது மெத்தனாலில் கரைந்துவிடும், திரும்பக் கிடைக்காது; கழுவக் குடம் குடமாய்த் தண்ணீர் வேண்டும். எண்ணெயில் அமிலம் இருந்தால் பயோடீசலுக்குப் பதில் சோப்புதான் மிஞ்சும். ஆகவே வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தும்படி, கரையாத திட ஊக்கியைத் தேடினார்கள்.

அங்கேதான் நம் உமி வருகிறது. உமிச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. 700 டிகிரிக்கு மேல் போகாமல் எரித்தால் நுண்துளைகள் நிறைந்த வெள்ளைச் சாம்பலாகும். மேலே போனால் படிகமாகி மந்தமாகிவிடும். அந்தச் சாம்பலின் மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஏற்றினால் கார ஊக்கி. உமியைக் கரியாக்கிக் கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்தினால் அமில ஊக்கி, அதாவது பல் தேய்த்த அதே உமிக்கரி! வாழையும் சளைத்ததல்ல. 2011-ல் கவுகாத்தி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாழைத்தண்டுச் சாம்பலைக் கொண்டே மஞ்சளரளி விதை எண்ணெயைப் பயோடீசலாக்கினார்கள். அசாமியர் சமையலில் சேர்க்கும் வாழைச்சாம்பல் நீரிலிருந்து பிறந்த யோசனை அது. திருவையாற்றுப் பக்கம் வாழைக்கு என்ன பஞ்சம்?

"அப்படியானால் மில்லுக்குப் பின்னால் மலையாய்க் கிடக்கிற சாம்பல் தீர்ந்துபோகுமா சார்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தீராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் நெல்லில் உமி 200 கிலோ, அதில் சாம்பல் 40 கிலோ. தவிடு 70 கிலோ என்று வையுங்கள். எண்ணெய் 12 கிலோ தேறும். அதற்கு ஊக்கி நூற்றுக்கு ஐந்து என்றால் அரைக் கிலோ சொச்சம். மீதி 39 கிலோ சாம்பல் அங்கேயே கிடக்கும், காற்றடித்தால் பக்கத்து வயலுக்கும் கொல்லைக்கும் பறக்கும். அதற்குச் சிமெண்டு, செங்கல் என்று வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

நம்மிடம் ஊக்கிக்குக் குறைவில்லை, எண்ணெய்க்குத்தான் குறை. தவிட்டெண்ணெயைச் சமையலுக்கு வாங்க ஆளிருக்கும்போது என்ஜினில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? 2003-ல் திட்டக் கமிஷன் குழு காட்டாமணக்கைக் காட்டியது. நாடெங்கும் நட்டார்கள். சொன்ன மகசூல் வரவில்லை. 2009 கொள்கையில் 2017-க்குள் 20 சதவீதம் கலப்பு என்ற இலக்கு. 2018 கொள்கையில் அதுவே 2030-க்குள் 5 சதவீதமாக இறங்கியது.

எனக்கு நம்பிக்கை தருவது பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெய்தான். 2018 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும். முதல் கட்டத்துக்கு உமிக்கரி ஊக்கியும் இரண்டாவதுக்குச் சாம்பல் ஊக்கியும் பொருந்தும். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடிக் கடைத்தெருக்களில் அந்த எண்ணெய் இருக்கிறது. மெத்தனாலை மட்டும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். அதில் பெரும்பகுதி இந்தியாவுக்குக் கப்பலில்தான் வருகிறது.