புத்தரின் காலக்கணிப்பு

புத்தர் கி.மு. 544இற் பரிநிர்வாணமடைந்தார் என்பது தேரவாத மரபு. 1956இல் இலங்கை கொண்டாடிய 2500ஆவது புத்த ஜயந்தியும் இக்கணக்கையே தழுவியது. எனினும் அவரது காலத்தைக் கூறும் சமகாலச் சாசனம் எதுவுமில்லை. நாம் அசோகனிலிருந்தே பின்னோக்கிக் கணிக்கவேண்டியுள்ளது. அவனது 13ஆம் பாறைச் சாசனம் சுட்டும் ஐந்து கிரேக்க மன்னர்களைக் கொண்டு அவன் முடிசூடிய ஆண்டு கி.மு. 268 அளவினது எனக் கொள்ளப்படுகின்றது. பரிநிர்வாணம் அதற்கு 218 ஆண்டுகள் முந்தியது என்கின்றன தீபவம்சமும் மகாவம்சமும். அவ்வாறாயின் கிடைப்பது கி.மு. 486, மரபுக்கும் இதற்கும் 58 ஆண்டு வேறுபாடு! வடபௌத்த நூல்கள் பலவற்றின்படி இடைவெளி நூறாண்டே. முழு எண்ணாதலின் அதுவும் ஐயத்துக்குரியது.

218 துல்லியமானதாகத் தோன்றலாம். ஆனால் பரிநிர்வாண நாளிலேயே விசயன் கரையேறினான் எனக் கூறும் மகாவம்சம், இடைக்காலத்தை நிரப்பப் பண்டுகாபயனுக்கு 70 ஆண்டும் அவன் மகன் மூத்தசிவனுக்கு 60 ஆண்டும் ஆட்சி வழங்குகின்றது. உபாலி முதல் மொக்கலிபுத்த தீசர் வரையான விநய ஆசிரியரும் ஐவரே. இவ்வாசிரியர் வரிசையின் ஆண்டுகளை மீளாய்ந்த றிச்சாட் கொம்பிறிச் கி.மு. 404 அளவை முன்வைத்தார். கி.மு. 400ஐ அண்டிய காலமே நமக்கும் ஏற்புடையதாகத் தோன்றுகின்றது.

இந்நகர்வு சிறிதன்று. பிம்பிசாரன், அஜாதசத்து, மகாவீரர் ஆகியோரின் காலங்கள் புத்தரோடு பிணைந்தவை. மகத அரசு மௌரியப் பேரரசாக விரிவதற்கு எடுத்த காலமும் இதனாற் பெரிதும் குறுகிவிடுகின்றது.