மதிலுக்குள் ஏடு

திருவரங்கத்துப் பெருங்கோயிலுக்கு மதில்கள் ஏழு. காவிரியைக் கடந்து தெற்கே வந்தால் திருச்சி மத்திய சிறைக்கும் மதில் உண்டு. கோயில் மதிலின் வரலாற்றைச் சொல்லக் கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிறை மதிலின் வரலாற்றைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நாம் ஒரு பக்கத்தையேனும் புரட்டுவோம்.

1838! மெக்காலேயின் முயற்சியால் அமைந்த சிறை ஒழுங்குக் குழு அறிக்கை தந்த ஆண்டு. கைதிக்குக் கல்வி வேண்டாம், அறவுரை வேண்டாம், நன்னடத்தைக்குப் பரிசும் வேண்டாம். சலிப்பூட்டும் கடுவேலை போதும் என்றது குழு. இந்நாட்டார்க்கு எக்கல்வி தகும் என 1835-இல் குறிப்பெழுதிய அதே மெக்காலேதான்!

அந்நாளில் அபின் விற்றவர் யார்? கும்பினியாரே! பீகாரிலும் காசிப் பகுதியிலும் உழவரைக் கசகசாச் செடி பயிரிட வைத்தனர். கல்கத்தாவில் அபினை ஏலம் விட்டனர். அது சீனத்தை அடைந்தது. சீனம் தடுத்தது, 1839-இல் போர் மூண்டது. போதையால் பொருள் குவித்த ஆட்சி, கைதியின் கைக்கு ஏடு ஆகாதென்றது.

1919-20-இல், சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழு அந்தப் பழங்கருத்தைக் கண்டித்தது. கைதியைத் திருத்துவதும் சிறையின் கடமை என்று சொல்ல எண்பது ஆண்டுகள் ஆயின!

இன்று திருச்சிச் சிறைக்குள் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2010 முதல் கைதிகளிடம் கட்டணம் பெறுவதில்லை. ஆசிரியப் பணியிலுள்ள நாம் இதனை வாயாரப் போற்றுவோம்.

ஆனால், 1838-இன் நிழல் முற்றும் நீங்கியதா? போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்தது. 1989-இல் அதில் 32-ஏ என்னும் பிரிவைச் செருகினர். போதைப்பொருளை உட்கொண்ட குற்றம் நீங்கலாக, இச்சட்டப்படி தண்டனை பெற்ற எவருக்கும் தண்டனைக் குறைப்பு இல்லை என்கிறது அது. மேல்முறையீட்டின்போது தண்டனையை நிறுத்திவைக்கும் நீதிமன்ற உரிமையை 2000-இல் உச்சநீதிமன்றம் மீட்டுத் தந்தது. தண்டனைக் குறைப்புக்கான தடையை நிலைநிறுத்திவிட்டது.

ஒரே பலகையில் இருவர் அமர்ந்து படிக்கின்றனர். திருடிவிட்டு வந்தவர் நன்னடத்தையால் சில நாள்கள் முன்னரே வீடு திரும்பலாம். கஞ்சா மூட்டை சுமந்து வந்தவர் எத்தனை தேர்வு எழுதினாலும் ஒருநாளும் குறையாது!

“போதை வணிகர்களுக்குப் பரிந்து பேசுகிறீரா?” என்பார்கள். இல்லை. கூலிக்கு மூட்டை தூக்கியவரையும் கோடி போட்டு வணிகம் நடத்துபவரையும் அப்பிரிவு வேறுபடுத்தவில்லையே, அதைத்தான் கேட்கிறோம். பிரிவைச் செருகிய நாடாளுமன்றத்துக்கு அதனைத் திருத்தும் அதிகாரமும் உண்டு.