அயலார்க்குப் பாடஞ் சொல்லும் நெறி

அயல்நாட்டு மாணாக்கர்க்கு ஆங்கிலத்தில் தமிழிலக்கியம் கற்பிக்கும் விரிவுரையாளர்க்கு ஆங்கிலப் புலமை மட்டும் போதுமோ? திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைக் கொண்டு இதனை ஆராய்வாம். குறத்தியை ‘ஜிப்சி’ என்று ஒரு சொல்லால் பெயர்த்துவிடின், மலைவளங் கூறி வசந்தவல்லிக்குக் குறி சொல்லும் சிங்கி மறைந்து போவாள்; மாணாக்கர் தம் நாட்டு நாடோடிப் பெண்ணையே காண்பர். குறிஞ்சி நிலமும் குறி கேட்கும் மரபும் விளங்கா.

இவ்விடர்ப்பாடு புதியதன்று. எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812இல் சென்னையில் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் ஆங்கில அலுவலர் தமிழ் பயின்றனர். செய்யுள்வழிக் கற்ற நம் புலவர்க்கு, அவர்தமக்கேற்ற எளிய உரைநடை நூல்கள் வேண்டியிருந்தன. அக்கல்லூரித் தமிழாசிரியர் தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தை உரைநடையில் தந்தார். அயலார்க்குக் கற்பிக்கும் தேவையை ஒட்டி எழுந்த அந்நூல் தமிழ் உரைநடைக்கே ஆக்கமாயிற்று.

நெல்லைச் சீமையிலும் இதற்குச் சான்றுண்டு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த செருமானியர் இரேனியுஸ், தமிழிலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதினார். அயலாராய் நின்று கற்றவர் ஆதலின், கற்போர் இடர்ப்படும் இடங்களை அவர் அறிந்திருந்தார்.

நமக்குத் தெரிந்ததெல்லாம் கேட்போர்க்கும் தெரியும் என்னும் எண்ணமே ஆசிரியர்க்குப் பெருந்தடை. ஆதலின் இன்று விரிவுரையாளர்க்கு அளிக்கும் பயிற்சி ஆங்கில ஒலிப்போடும் இலக்கணத்தோடும் நின்றுவிடலாகாது. குறத்தி என்னும் சொல்லை அவ்வாறே நிறுத்தி, அவள் நிலத்தையும் தொழிலையும் விளக்கும் திறனையும் அது தருதல் வேண்டும் என்பதே எம் கருத்து.