பாடிகார்டு ஆகணுமா? பைசெப்ஸ் மட்டும் போதாது!

சஃபாரி சூட், கூலிங் கிளாஸ், வி.ஐ.பி பக்கத்துல கெத்தா ஒரு நடை... பாடிகார்டுன்னதும் இதுதானே ஞாபகம் வருது? ஆனா, இந்த வேலைக்குச் சட்டமும் பயிற்சியும் இருக்கு பாஸ்!

இந்தியாவில் தனியார் பாதுகாப்புப் பணியை ஒழுங்குபடுத்துவது, 2005-ம் ஆண்டின் 'பசாரா' சட்டம்.

தகுதி: வயது 18 முதல் 65 வரை. போலீஸ் வெரிஃபிகேஷன் கட்டாயம். ஒரு கிலோமீட்டரை 6 நிமிடங்களில் ஓடணும்.

பயிற்சி: மத்திய அரசின் மாதிரி விதிகள்படி, வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம். முன்னாள் ராணுவத்தினர், போலீஸாருக்கு இது குறைவு.

இது அடிப்படைதான். வி.ஐ.பி பாதுகாப்புக்குப் போகணும்னா, போகும் பாதையை முன்கூட்டியே ஆராய்வது, கூட்டத்தில் கைகளைக் கவனிப்பது, முதலுதவி, டிரைவிங் எல்லாம் கத்துக்கணும். சண்டை போடுறவரைவிட, சண்டையே வராம பார்த்துக்கிறவர்தான் நல்ல பாடிகார்டு.

உஷார்: உங்களுக்கு போலீஸ் அதிகாரம் கிடையாது. போலீஸ் மாதிரி யூனிஃபார்ம் போட்டால் ஓராண்டு வரை சிறை. துப்பாக்கிக்குத் தனி லைசென்ஸ் வேணும்.

முக்கியமா, ஊழியருக்குப் பயிற்சி கிடைக்கச் செய்வது ஏஜென்சியின் கடமைன்னு சட்டமே சொல்லுது. 'பணம் கட்டுங்க, வேலை நிச்சயம்'னு யாராவது சொன்னா, முதல்ல அவங்க பசாரா லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்க!