கல்லீரலின்றிக் காத்திருக்கும் நேரம்

உழவர்கரை நகராட்சி எல்லைக்குள், கோரிமேட்டில் அமைந்துள்ளது ஜிப்மர் மருத்துவமனை. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியினர் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியே அதன் வித்து. அதன் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் உறவினர் இரவெல்லாம் விழித்திருப்பதைக் கண்டவர்கள், காத்திருத்தலின் கொடுமையை அறிவர். அத்தகைய காத்திருப்புகளுள் மிகக் கடினமான ஒன்று, உடலில் கல்லீரலே இல்லாத நிலையில் மாற்றுக் கல்லீரலுக்காகக் காத்திருப்பது.

கல்லீரலின்றி உயிர் தரிக்குமா? 1877-இல் உருசிய மருத்துவர் எக், குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரையை, இதயத்துக்கு இரத்தம் திரும்பும் கீழ்ப்பெருஞ்சிரையோடு நாய்களில் இணைத்தார். 1921-இல் அமெரிக்க மேயோ நிலையத்தின் பிராங்க் மான், கல்லீரல் அகற்றப்பட்ட நாய்கள் இரத்தச் சர்க்கரை குறைந்து சாய்வதையும், சர்க்கரைக் கரைசல் ஏற்றியதும் சிறிது நேரம் எழுந்து நிற்பதையும் கண்டார். 1963-இல் டென்வர் நகரில் ஸ்டார்சில் மனிதருக்கு முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தார், அக்குழந்தை பிழைக்கவில்லை.

இவ்வறிவெல்லாம் 1988-இல் செருமனியின் ஹனோவர் நகரில் ஒன்றுசேர்ந்தது. மடிந்துவரும் கல்லீரலே நஞ்சைப் பெருக்கி இரத்த ஓட்டத்தைக் குலைக்கும்போது, மாற்றுறுப்பு வருமுன்னரே அதை அகற்றிவிடலாம் என ரிங்கே, பிக்ல்மயர் குழுவினர் துணிந்தனர். எக் காட்டிய வழியில் சிரைகளை இணைத்தனர். இந்நிலையிலுள்ள நோயாளிக்குச் சர்க்கரை இடைவிடாது ஏற்றப்படும். இரத்தம் உறையப் பிளாஸ்மா தரப்படும். சிறுநீரகத்தின் பணியையும் சுவாசத்தையும் கருவிகள் தாங்கும். மூளை வீங்காமல் காக்கப்படும். எனினும் கல்லீரலின் முழுப்பணியையும் ஆற்றவல்ல கருவி இன்றும் இல்லை. மருத்துவம் ஈட்டித் தருவது சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். அதற்குள் இன்னொரு மனிதரின் கொடை வந்து சேரவேண்டும்.

இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச்சாவை ஏற்றது. 1998-இல் தில்லி அப்பல்லோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்று தந்தையின் கல்லீரல் பகுதியைப் பெற்றுப் பிழைத்தது. நாட்டின் முதல் வெற்றி அதுவே. 2000-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மூளைச்சாவை உறுதிசெய்யும் முறை நேர்மையாகப் பின்பற்றப்படின் அது ஏற்கத்தக்கதே என உரோமையில் எடுத்துரைத்தார்.

உறவை இழந்து கதறும் வேளையில் இதைக் குறித்து முடிவெடுப்பது எவருக்கும் எளிதன்று. நலமாயிருக்கும் நாளிலேயே குடும்பத்தாரோடு அமர்ந்து பேசி வைத்திருந்தால், அறிமுகமற்ற ஒருவர் கல்லீரலின்றிக் காத்திருக்கும் அந்தச் சில மணி நேரம் வீணாகாது.