மாத்திரைக்குப் பின்னால் ஒரு பதிவேடு

வழுக்கைக்கு இன்று அதிகம் எழுதித் தரப்படும் இரு மருந்துகளும் வேறு நோய்களுக்காக வந்தவை. மினாக்ஸிடில் 1979இல் இரத்தக் கொதிப்பு மாத்திரையாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உண்டவர்களுக்குக் கையிலும் முகத்திலும் முடி வளர்ந்தது. அந்தத் தொல்லையே சரக்காகி, 1988இல் தலையில் தடவும் மருந்தாக அனுமதி பெற்றது. ஃபினாஸ்டெரைடு 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கான 5 மில்லிகிராம் மாத்திரை. 1997இல் அதுவே 1 மில்லிகிராமாகக் குறைந்து ஆண்களின் வழுக்கைக்கு வந்தது.

நிறுத்தினால் முளைத்த முடி ஓராண்டுக்குள் கொட்டிவிடும். ஆகவே இருபது வயதில் தொடங்கியவர் பல ஆண்டுகள் விழுங்க வேண்டும். ஃபினாஸ்டெரைடின் அனுமதிக்கு ஆதாரமான பெரிய ஆய்வுகளோ 1,553 ஆண்களை ஓரிரு ஆண்டுகள் பார்த்தவை. மற்ற விவரம் விற்பனைக்குப் பிறகே துளித்துளியாக வந்தது. மாத்திரையை விட்ட பின்னும் பாலுறவுக் குறைகள் நீடித்ததாகச் சொன்ன புகார்கள் 2012இல் அமெரிக்கக் குறிப்புச்சீட்டில் ஏறின. 2022இல் தற்கொலை எண்ணம் சேர்ந்தது. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை அதைப் பக்கவிளைவாகவே உறுதிசெய்தது. எத்தனை பேரில் ஒருவருக்கு என்பதை மட்டும் முகமையால் சொல்ல முடியவில்லை. மருந்து உண்ணப்பட்டது சுமார் 27 கோடி ஆள்-ஆண்டுகள் (ஒருவர் ஓராண்டு உண்டால் ஓர் ஆள்-ஆண்டு), புகார்கள் 313. நிம்மதி தரும் கணக்குப் போலத் தோன்றும். ஆனால் அந்த 313 பேர், யாரோ மெனக்கெட்டு எழுதிப் போட்டதால் தெரிந்தவர்கள்.

எழுதி வருவதற்கும் வீடு தேடிப்போய்க் கேட்பதற்கும் உள்ள தூரத்தை வேலூருக்குத் தெற்கே உள்ள கணியம்பாடி ஒன்றியத்தில் பார்க்கலாம். இந்த மருந்தோடு தொடர்பில்லாத கணக்கு அது. வேலூர் சி.எம்.சி.யின் சமூக மருத்துவத் துறை அங்கு நெடுங்காலமாகப் பிறப்பு, இறப்புகளை ஊர் ஊராகப் பதிந்துவருகிறது. 1994 முதல் 1999 வரை, சுமார் 1,08,000 பேர் வாழும் பகுதியில், ஒவ்வொரு சாவுக்கும் காரணம் குடும்பத்தாரிடம் விசாரித்து எழுதப்பட்டது. தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 95 என்று வந்தது. நாட்டின் அரசுக் கணக்கைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. வட்டாரத்தின் மிகுதி ஓரளவு இருக்கலாம். போலீஸ் கேஸ் ஆகும் என்று வீட்டோடு முடிந்துபோன சாவுகளும் அதில் உண்டு.

இந்தியாவில் மருந்துப் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010இல் தொடங்கியது. அதுவும் தானாக வரும் புகார்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் மாதாமாதம் அட்டை வாங்கிப் போகிறவரைத் தேடி யாரும் வருவதில்லை. கேட்காமல் விடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஃபினாஸ்டெரைடு, புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. இரத்தச் சோதனையின் அளவையும் ஏறத்தாழப் பாதியாக்கிக் காட்டும். முடிக்காக உண்பதை நோயாளி சொல்லாவிட்டால், உயர்ந்திருக்கும் அளவு மருத்துவர் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும்.