எந்த நாளின் நிறம்?

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கடற்கரைப் புல்வெளியில் ஆண்டுதோறும் நிகழும் பழங்கார்க் கண்காட்சியில், தலைசிறந்த கார் என்னும் பட்டம் 1934ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59 ஒன்றுக்குக் கிடைத்தது. 1950இல் தொடங்கிய அக்கண்காட்சியின் வரலாற்றில், புதுப்பிக்கப்படாமல் பழைய நிலையிலேயே காக்கப்பட்ட ஒரு கார் முதலிடம் பெற்றது அதுவே முதல்முறை. கண்ணாடிபோல் முகம்பார்க்கத்தக்க வண்ணப்பூச்சுகளுக்கே பரிசளித்துப் பழகிய புல்வெளி அது. அங்கே பொலிவு மங்கிய கறுப்பு வண்ணத்தோடு ஒரு கார் வந்து நின்றது, வென்றது.

அந்தக் கறுப்பு அக்காரின் பிறவி நிறம் அன்று என்பதுதான் செய்தி. பிரான்ஸ் நாட்டின் பந்தயக் கார்களுக்கு உரிய நீலத்தில் அது பிறந்தது. 1934இல் ரெனே டிரைஃபஸ் அதனை ஓட்டி பெல்ஜியம் கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்றார். பின்னர் அது சாலையிலும் ஓடத்தக்க விளையாட்டுக் காராக மாற்றப்பட்டது. 1930களின் பிற்பகுதியில் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்ட் அதனை வாங்கினார். நீலம் மறைந்தது, கறுப்பு வந்தது, அதன்மேல் பெல்ஜியத்தின் பந்தய நிறமான மஞ்சளில் ஒரு கோடு ஓடியது. இனி இக்காரைப் புதுப்பிக்க எண்ணும் ஒருவர் எந்த நிறத்தைப் பூசுவது? வென்ற நாளின் நீலத்தையா, மன்னர் கைக்கு வந்த நாளின் கறுப்பையா? முன்னதைத் தேர்ந்தால் பின்னது அழியும். பழங்கார்களுக்கு வண்ணமும் டயரும் தேர்வது வெறும் அழகுணர்ச்சி சார்ந்த வேலை என்று கருதுவோர் இவ்வினாவின் முன் சற்று நிற்க வேண்டும்.

*

பந்தயக் கார்களின் நிறம் தொடக்கத்தில் அழகுக்காக அமைந்ததே அன்று. நியூயார்க் ஹெரால்டு இதழின் உரிமையாளர் ஜேம்ஸ் கார்டன் பென்னட் ஏற்படுத்திய கோப்பைக்கான பந்தயம் 1900இல் தொடங்கியது. அதில் மோதியவை நாடுகள். ஒரு நாட்டுக்கு மூன்று கார்களுக்கு மேல் இல்லை. எந்தக் கார் எந்த நாட்டுடையது எனத் தொலைவிலிருந்தே அறிய நிறங்கள் வகுக்கப்பட்டன; இந்த யோசனை எலியட் சபோரோவ்ஸ்கி பிரபுவுடையது என்பர். பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, பெல்ஜியத்துக்கு மஞ்சள், அமெரிக்காவுக்குச் சிவப்பு. இத்தாலியின் சிவப்பு பின்னர் வந்தது. பிரிட்டனில் பொதுச் சாலைகளில் பந்தயம் நடத்தச் சட்டம் இடந்தராததால், 1903ஆம் ஆண்டுப் பந்தயம் அயர்லாந்தில் நடந்தது. விருந்தளித்த மண்ணைச் சிறப்பிக்கும் வகையில் ஆங்கிலேயர் பூசிய பச்சையே பிற்காலத்துப் பிரிட்டிஷ் பந்தயப் பச்சையின் மூலம் என்று கூறப்படுகிறது.

அப்போட்டியின் விதிகளில் இன்னொன்றும் இருந்தது. காரின் எல்லா உறுப்புகளும் அந்தந்த நாட்டிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும். டயரும் அதற்கு விலக்கன்று. 1901இல் பிரிட்டனின் நேப்பியர் கார் எடை மிகுந்ததாக இருந்தது. உள்நாட்டு டயர்கள் அப்பாரத்தைத் தாங்கவில்லை. பிரெஞ்சு டயர்களை மாட்டினார்கள். கோப்பைக்கான தகுதியை இழந்தார்கள். நிறத்தைப் போலவே டயருக்கும் குடியுரிமை இருந்த காலம் அது. இன்று ஒரு பழைய பந்தயக் காருக்கு எந்த நிறுவனத்தின் டயரை மாட்டுவது என்று சேகரிப்பாளர்கள் இரவு பகலாக விவாதிப்பதை நகைப்புக்குரியதாக நாம் எண்ணினால், இந்தச் செய்தியை நினைவிற்கொள்ளலாம்.

*

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், பூசப்பட்ட நிறம் தெளிவாக இருந்ததில்லை. பிரிட்டிஷ் பந்தயப் பச்சை என்று ஒரு தனி நிறமே கிடையாது. 1924இலும், பின்னர் 1927 முதல் 1930 வரை தொடர்ந்தும் ல மான் பந்தயத்தை வென்ற பென்ட்லிகளின் பச்சை வேறு. 1950களின் வான்வால் கார்களின் பச்சை வேறு. 1960களின் லோட்டஸ் பச்சை வேறு. இன்று அப்பெயரோடு கடையில் வாங்கும் டப்பாவுக்குள் இருப்பது, இவற்றுள் எதுவும் அல்லாத ஒரு பொதுப் பச்சையாகவே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது.

ஃபெராரி என்றால் சிவப்பு என்பதும் இத்தகைய பொதுமைதான். 1964இல் இத்தாலிய மோட்டார் அமைப்போடு பிணங்கிய என்சோ ஃபெராரி, அவ்வாண்டின் கடைசி இரு பந்தயங்களுக்குத் தம் கார்களைச் சிவப்பில் அனுப்ப மறுத்தார். அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் அவை வெள்ளையும் நீலமுமாக ஓடின. ஜான் சர்ட்டீஸ் அவ்வாண்டின் உலக வாகையர் பட்டத்தை உறுதிசெய்தது அந்த நீல வெள்ளைக் காரில்தான். அக்காரைச் சிவப்பாக்கினால் பார்ப்பவர்கள் மகிழ்வார்கள். ஆனால் ஒரு மனிதரின் சினம் வரலாற்றிலிருந்து துடைக்கப்பட்டுவிடும்.

நிறத்தை வைத்து எதிராளியை ஏமாற்றியதும் உண்டு. 1924இல் சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்துக்கு மெர்சிடிஸ் தன் கார்களை வெள்ளையில் அனுப்பாமல் சிவப்பில் அனுப்பியது. அயல்நாட்டுக் கார் என்று கண்டால் வழிநெடுக நின்ற மக்கள் கல்லெறியக்கூடும் என்ற அச்சமே காரணம் என்பார்கள். கிறிஸ்டியன் வெர்னர் அப்பந்தயத்தை வென்றார்.

இக்கதைகளுள் புகழ்பெற்றது வெள்ளி அம்புகளின் கதை. 1934இல் பந்தயக் கார்களின் எடை 750 கிலோவை மீறக்கூடாது என்று விதி வந்தது. எரிபொருள், எண்ணெய், நீர், டயர் ஆகியவை இக்கணக்கில் சேரா. ஜூன் மாதம் ஐஃபல் பந்தயத்துக்கு முந்தைய நாள் மெர்சிடிஸ் கார் தராசில் ஏறியபோது ஒரு கிலோ கூடுதலாக இருந்ததாம். அணித்தலைவர் ஆல்ஃபிரட் நாய்பவர் வெள்ளைப் பூச்சை இரவோடிரவாகச் சுரண்டச் செய்தாராம். காலையில் அலுமினியம் வெள்ளிபோல் மின்னிற்றாம். நாய்பவர் 1958இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளால் பரவிய கதை இது. ஐஃபல் பந்தயம் அந்த எடைவிதிக்கு உட்பட்டு நடந்ததே அன்று எனப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டினர். தவிரவும், 1932இலேயே பெர்லினின் ஆவுஸ் ஓடுதளத்தில் பிரௌஹிட்ச் ஓட்டிய மெர்சிடிஸ் பூச்சற்ற வெள்ளி நிறத்தில் ஓடியிருக்கிறது. ஆயினும் கதை அழியவில்லை. நாஜி அரசின் நிதியுதவி பெற்று ஓடிய கார்கள் அவை என்னும் உண்மையைவிட, ஓர் இரவில் உப்புத்தாளால் தேய்த்த கதை நினைவில் வைக்க இதமானது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1968இல் லோட்டஸ் அணி ஒரு சிகரெட் நிறுவனத்தின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களை அணிந்தபோது நாட்டு நிறங்களின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. கொடியின் இடத்தைப் பெட்டி பிடித்தது.

*

அப்படியானால் ஒரு காரின் உண்மையான நிறத்தை எவ்வாறு கண்டறிவது? தொழிற்சாலைப் பதிவேடுகள் முதற்சான்று. ஆனால் அவை பெயரைச் சொல்லுமேயன்றி நிறத்தைக் காட்டா. புகைப்படங்களோ நேரடியாகவே ஏமாற்றுபவை. அக்காலத்தில் பெருவழக்கிலிருந்த ஒருவகைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் சிவப்பொளியை உணராது. நீலத்தை மிகுதியாக உணரும். எனவே இத்தாலியச் சிவப்பு அதில் ஏறக்குறையக் கறுப்பாகவும், பிரெஞ்சு நீலம் வெளுத்தும் பதியும். படத்தைப் பார்த்து வெளிர்நிறம் என்று முடிவுகட்டியவர் பிழைபட நேரும்.

மிகுந்த நம்பிக்கைக்குரிய சான்று காரின் உடலிலேயே இருக்கிறது. இருக்கைக்கு அடியிலோ, கதவின் உட்புற விளிம்பிலோ, கருவிப் பலகையின் பின்புறத்திலோ ஒரு நாணய அளவு இடத்தை நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கிறார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல வண்ண அடுக்குகள் ஒன்றையொன்று சூழ்ந்து வெளிப்படும். வெளியில் கறுப்பு, அதனுள் நீலம், அதனுள் சாம்பல் நிற அடிப்பூச்சு. பழைய பூச்சு முழுவதையும் சுரண்டியெடுத்துப் பட்டி பார்த்துப் புதுவண்ணம் அடித்துவிட்டால் இந்த வளையங்கள் என்றென்றைக்குமாகப் போய்விடும். புதுப்பித்தல் என்பது பெரும்பாலும் சான்றை அழித்தலும் ஆகிறது என்பதே இத்தொழிலின் அடிப்படைத் துயரம்.

நிறம் சரியாக அமைந்தாலும் பொருள் மாறிவிடுகிறது. தொடக்ககாலக் கார்களுக்குக் குதிரைவண்டிகளுக்குப்போல் தூரிகையால் பல பூச்சுகள் பூசி வாரக்கணக்கில் உலர்த்தினார்கள். 1923இல் டூபாண்ட் நிறுவனம் நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலான டூகோ பூச்சைக் கொண்டுவந்தபின் அந்த வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. ஃபோர்டு டி மாடல் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்கப்பட்டுப் பின்னர் பல நிறங்களுக்கு மாறியது இந்த மாற்றத்தை ஒட்டியே. டூகோ வகைப் பூச்சுக்கு மென்மையான, சற்றே ஆழங்குறைந்த ஒளி உண்டு. இன்றைய பாலியூரித்தேன் பூச்சும் அதன்மேல் அடிக்கும் நிறமற்ற மேற்பூச்சும் தரும் ஈரப்பளபளப்பை 1930களின் எந்தக் காரும் அறிந்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் கரைப்பான் மிகுந்த பூச்சுகளைக் கட்டுப்படுத்தி 2004இல் ஆணையிட்டபோது, வரலாற்று மதிப்புள்ள வாகனங்களைப் புதுப்பிக்கத் தனி உரிமம் அளிக்க இடம்விட்டது. பழைய ஒளியும் காக்கத்தக்கது என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

*

டயரின் கதை இதினும் நுட்பமானது. டயர் கறுப்பு என்பதே பின்னாளில் வந்த வழக்கம். இயற்கை ரப்பர் வெளிறிய நிறமுடையது. துத்தநாக ஆக்சைடு கலந்த தொடக்ககால டயர்கள் வெண்மையாகவும் சாம்பல் நிறமாகவும் இருந்தன. 1904இல் லண்டனின் சில்வர்டவுன் பகுதியிலிருந்த ரப்பர் தொழிற்சாலையில், கார்பன் பிளாக் எனப்படும் புகைக்கரியைக் கலந்தால் ரப்பர் பன்மடங்கு உறுதி பெறும் எனக் கண்டார்கள். அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் 1910களில் அதனைப் பெருமளவில் கைக்கொண்டது. சாலையைத் தொடும் பகுதி மட்டும் கறுத்து, பக்கங்கள் வெள்ளையாகவே எஞ்சியபோது வெள்ளை ஓர டயர் பிறந்தது. தொடக்கத்தில் அது ஓர் அரைகுறை மாற்றம். பின்னர்தான் செல்வத்தின் அடையாளம். புதுப்பிக்கப்பட்ட விளையாட்டுக் கார்களில் அகன்ற வெள்ளை ஓரத்தைக் காணும்போது, அது அக்காரின் வரலாறா அல்லது இன்றைய உரிமையாளரின் கனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிறத்தைவிட முக்கியமானது டயரின் உள்ளமைப்பு. பழைய டயர்களில் நூலிழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும். கிராஸ் பிளை என்பர். மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்குக் கொணர்ந்த ரேடியல் டயரில் இழைகள் நேர்குறுக்காக அமைந்து, மேலே எஃகுப் பட்டை சுற்றியிருக்கும். சாலைப்பிடிப்பிலும் உழைப்பிலும் ரேடியலே மேல். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப், டன்லப்பின் கிராஸ் பிளை டயர்களோடுதான் வந்தது. இன்று ஓடும் இ-டைப்கள் பலவற்றில் இருப்பவை ரேடியல்கள். பாதுகாப்பைக் கருதினால் இதில் குறைகாண இயலாது. ஆயினும், கிராஸ் பிளை டயர் பிடிப்பை இழக்கும்போது சிறிது சிறிதாக, முன்னறிவிப்போடு நழுவும். அக்கால ஓட்டுநர்கள் வளைவுகளில் காரைப் பக்கவாட்டில் மிதக்கவிட்ட கலை அந்த நழுவலின் மீது கட்டப்பட்டது. மிகுந்த பிடிப்புள்ள டயரை மாட்டினால் கம்பிச் சக்கரங்களுக்கும் அச்சுக்கும் அவை எதிர்பாராத சுமை ஏறும். காரின் தோற்றம் மாறாது, நடை மாறிவிடும்.

டயரில் இன்னொரு முரணும் உண்டு. வண்ணத்தைப் பழையதாகவே விட்டுவைக்கலாம். டயரை அவ்வாறு விட இயலாது. ரப்பர் முதுமையில் இறுகி வெடிக்கும். பள்ளங்கள் தேயாமல் புதிதுபோல் தோன்றும் பழைய டயர் உயிரைக் கொல்லக்கூடும். ஆகவே ஓடும் பழங்காரின் டயர் எப்போதும் ஒரு நகலே. அமெரிக்காவின் கோக்கர் போன்ற நிறுவனங்கள் பழைய வடிவங்களில் புதிய டயர்களை வார்த்துத் தருகின்றன. காரில் மிகப் பழையதாகத் தோன்றுவது மிகப் புதியதாக இருக்கிறது.

*

தமிழ் படித்தோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஏட்டைப் பதிப்பிப்பவன் ஒரு பாடத்தைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஆனால் மற்ற பாடங்களை அடிக்குறிப்பில் தராமல் விட்டால் அவன் பதிப்பாசிரியன் அல்லன். 1964இன் வெனிஸ் சாசனம் பழங்கட்டடங்களுக்கு வகுத்த நெறியும் இதற்கு நெருங்கியதே. அதனைப் பின்பற்றிப் பன்னாட்டுப் பழங்கார் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் டூரின் சாசனத்தை ஏற்றது. வாகனம் தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாறே. செய்யும் பணி ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். இயன்றவரை பழைய பொருளைக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அழிந்து சிதைந்த காரைப் புதுப்பிக்கவே கூடாது என்பது இதன் பொருளன்று. துருவில் கரைந்துபோகும் உடலுக்குப் பூச்சு வேண்டும். ஓடும் சக்கரத்துக்கு நம்பத்தக்க டயர் வேண்டும். ஒரு நாளின் நிறத்தைத் தேர்ந்தே ஆகவேண்டிய நிலை வரும். அப்போது கைப்பிடியளவு இடத்தையேனும் தேய்க்காமல் விட்டுவைப்பதும், எதை மூடினோம் என்று எழுதிவைப்பதும் நம் கடன். அடுத்து வருபவர் நம்மினும் நன்றாகப் படிக்கத் தெரிந்தவராக இருக்கக்கூடும்.

டைப் 59இன் கறுப்பை ஒருவரும் சுரண்டாமல் விட்டதால்தான், அதனடியில் ஒரு நீலம் இருந்த கதையை நாம் இன்று பேசிக்கொண்டிருக்கிறோம்.